சிகாகோவின் தண்ணீர்க் கணக்கு

1900 ஜனவரி 2. பொழுது சரியாக விடியவில்லை. சிகாகோவின் தென்மேற்கு ஓரத்தில், புதிதாக வெட்டிய ஒரு கால்வாயின் கரையில், கழிவுநீர் வாரிய உறுப்பினர்கள் சிலர் குளிரில் நடுங்கியபடி நின்றிருந்தார்கள். எட்டு வருஷ வேலை அன்றைக்குத்தான் முடிகிறது. ஆனாலும் விழாப் பந்தல் இல்லை, பேண்டு வாத்தியம் இல்லை, ஊர்க்கூட்டமும் இல்லை. கீழே, மிசிசிப்பிக் கரையில் இருக்கும் செயின்ட் லூயிஸ் நகரத்தார் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடுவார்களோ என்ற பயம். உறைந்து கல்லாகிக் கிடந்த கடைசி மண்திட்டை இயந்திரம் பெயர்த்ததும் ஆற்றுத் தண்ணீர் கால்வாய்க்குள் இறங்கியது. அதுவரை கிழக்கே ஓடி மிச்சிகன் ஏரியில் விழுந்துகொண்டிருந்த சிகாகோ ஆறு, அன்று முதல் மேற்கே திரும்பி, ஏரித் தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு மிசிசிப்பியை நோக்கி ஓட ஆரம்பித்தது.

அந்த ஆற்றோடு போனது ஊர் முழுவதின் சாக்கடை. செயின்ட் லூயிஸ் இருக்கும் மிசௌரி மாநிலம் இரண்டே வாரத்தில் வழக்குப் போட்டது. 1906-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளிவிட்டது. உங்கள் மாநிலத்து ஊர்களும் இதே ஆற்றில்தானே கழிவை விடுகின்றன என்பது தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

நான் சிகாகோவின் வடகோடியில், ரோஜர்ஸ் பார்க்கில் குடியிருக்கிறேன். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் ஆற்றுப் படகில் கூட்டிப்போவது வழக்கம். படகில் வழிகாட்டி தவறாமல் சொல்லும் முதல் கதை இந்த ஆற்றைத் திருப்பிய கதைதான். கேட்கக் கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே வருஷக்கணக்கில் வாழ்ந்து, வார்டுக் கூட்டங்களில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசிப் பழகிய பிறகு, அந்தக் கதையில் பாதிதான் சொல்லப்படுகிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. இந்த ஊரில் நல்ல தண்ணீர் யாருக்கு முதலில் வந்தது, யாருக்குக் கடைசியில் வந்தது, ஒருவர் வீட்டுக் கழிவு இன்னொருவர் வாசலுக்கு எப்படிப் போனது? இதைப் பார்த்தால்தான் சிகாகோ புரியும் என்று நினைக்கிறேன். பொறியாளர்கள் போட்ட திட்டத்தைவிட, அந்தந்தப் பகுதி மக்கள் எவ்வளவு காலம் விடாப்பிடியாக நின்றார்கள் என்பதுதான் பெரும்பாலும் அதைத் தீர்மானித்திருக்கிறது.

ஊர் பிறந்த இடமே தண்ணீர் கொடுத்த இடம்தான். ஏரிக்குப் போகும் சிகாகோ ஆற்றுக்கும் மிசிசிப்பிப் பக்கம் போகும் ஆறுகளுக்கும் நடுவே இங்கே சில மைல் சதுப்பு நிலம்தான் குறுக்கே கிடந்தது. படகைத் தோளில் தூக்கிக் கடந்துவிடலாம். இங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான பொட்டவாட்டமி மக்களுக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். வெளியிலிருந்து வந்து இங்கே நிலையாகக் குடியேறிய முதல் ஆளாகச் சொல்லப்படுபவர் ழான் பாப்டிஸ்ட் புவான் து சாபிள் என்ற கறுப்பின வணிகர். அவர் மனைவி கிடிஹாவா பொட்டவாட்டமிப் பெண். 1833-ல் ஒப்பந்தம் என்ற பெயரில் பொட்டவாட்டமிகளின் நிலம் கைமாறியது. அவர்கள் மேற்கே அனுப்பப்பட்டார்கள். 1837-ல் சிகாகோ நகரமானது. 1848-ல் ஏரியையும் இல்லினாய் ஆற்றையும் இணைக்கும் முதல் கால்வாய் திறந்தது. அதை வெட்டியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். வணிகம் வந்தது, ஜனம் வந்தது, கூடவே நோயும் வந்தது. 1854-ல் ஒரே வருஷத்தில் 1,400 பேருக்கு மேல் காலராவில் செத்தார்கள்.

இதற்காக பாஸ்டனிலிருந்து அழைத்து வரப்பட்டவர் எல்லிஸ் செஸ்ப்ரோ என்ற பொறியாளர். தரை ஏரி மட்டத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம் என்பதால் பள்ளம் தோண்டிச் சாக்கடைக் குழாய் பதித்தால் தண்ணீர் ஓடாது. அதனால் குழாய்களைத் தரைமேலேயே போட்டு, அவற்றை மூடித் தெருக்களை உயர்த்தச் சொன்னார். சில இடங்களில் பத்தடி வரை தெரு உயர்ந்தது. அப்புறம் கட்டடங்கள் பள்ளத்தில் நின்றன. அவற்றை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். 1860-ல் லேக் தெருவில் ஒரு கட்டட வரிசையை மொத்தமாக, சுமார் 600 ஆட்கள் 6,000 ஜாக்கிகளைச் சீட்டி அடித்தால் ஒன்றாகத் திருப்புவது என்று வைத்துக்கொண்டு, கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே உயர்த்தினார்கள். சென்னையில் சாலை போட்டுப் போட்டு வீடு தாழ்ந்துபோனவர்கள் இப்போது இதே வேலையைச் செய்கிறார்கள், தங்கள் சொந்தச் செலவில். சிகாகோவிலும் கட்டடத்தைத் தூக்கும் செலவு சொந்தக்காரர் தலையில்தான். கல் கட்டடம் வைத்திருந்தவர்கள் தூக்கினார்கள். வசதியில்லாதவர்கள் அப்படியே விட்டார்கள். தெற்கே பில்சன் பகுதியில் இன்றைக்கும் நடைபாதையிலிருந்து நாலைந்து படி இறங்கி வாசலுக்குப் போகும் பழைய வீடுகள் இருக்கின்றன. அவற்றைக் கடந்து நடக்கும்போதெல்லாம் அந்தக் காலத்துக் கணக்கு கண்முன்னால் தெரியும்.

குடிதண்ணீருக்காக ஏரியின் அடியில் இரண்டு மைல் சுரங்கம் தோண்டி, கரைக்கு அருகில் இருக்கும் அழுக்கைத் தாண்டிப்போய்த் தண்ணீர் எடுத்தார்கள். 1867-ல் அது ஓட ஆரம்பித்தது. நான்கே வருஷத்தில், 1871 அக்டோபரில், பெருந்தீ. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். தண்ணீர் இறைக்கும் நிலையத்தின் கூரை எரிந்து விழுந்ததும் குழாய்களில் தண்ணீர் நின்றது. அதோடு தீயணைப்பும் நின்றது. பழியோ, கேத்தரின் ஓலியரி என்ற அயர்லாந்துப் பெண்மணியின் மாட்டுக்கும் அவருக்கும் போனது. அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேலான பிறகு, 1997-ல், நகரக் கவுன்சில் தீர்மானம் போட்டு அவரை அந்தப் பழியிலிருந்து விடுவித்தது. ஏழைக் குடியேறி ஒருத்தி மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம், அதைத் துடைக்க எவ்வளவு காலம் ஆகிறது!

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். 1885-ல் பெய்த பெருமழையில் சாக்கடை ஏரிக்குள் போய், 90,000 பேர் செத்தார்கள், அதனால்தான் ஆற்றைத் திருப்பினார்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அப்படி ஒரு சாவு நடக்கவே இல்லை. மழை உண்மை, பயம் உண்மை, எண்ணிக்கை பொய். உண்மையில் நடந்தது இதைவிட மெதுவான கொடுமை. வருஷா வருஷம் டைபாய்டு. 1891-ல் மட்டும் ஏறக்குறைய 2,000 பேர் அதில் போனார்கள்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் உலகக் கண்காட்சி. கூடவே சர்வ சமய மாநாடு. சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடுவீடாகப் போய்ச் சேர்த்த பணமும், ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியின் ஆதரவும் இருந்ததால் விவேகானந்தர் அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்த கதை. அவர் பேசிய கட்டடம் இன்று சிகாகோ கலைக்கூடமாக இருக்கிறது. அது நிற்கும் மண்ணைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். 1871 தீயில் இடிந்த கட்டடங்களின் செங்கலையும் சாம்பலையும் ஏரியில் கொட்டிக் கொட்டி விரித்த பூங்காவின் ஓரம் அது. இன்று கிராண்ட் பார்க் என்கிறோம். அந்தப் பூங்காவில் பிறகு வேறு பெரிய கட்டடங்கள் ஏன் வரிசையாக எழவில்லை என்பதற்குப் பின்னால் இருபது வருஷ வழக்கு ஒன்று இருக்கிறது.

1836-ல் கால்வாய் ஆணையர்கள் நிலம் விற்பதற்காக வரைந்த வரைபடத்தில், ஏரிக்கரைத் துண்டின் மேல் இது பொது நிலம், என்றைக்கும் கட்டடம் எதுவும் இல்லாமல் திறந்தே கிடக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். எழுதியவர்கள் மறந்துபோனார்கள். ஊரும் மறந்தது. 1890 வாக்கில் அங்கே குப்பைமேடு, கொட்டகைகள், ரயில் பெட்டிகள். தபால் மூலம் பொருள் விற்றுப் பெரும் பணக்காரரான மான்ட்கோமரி வார்ட் என்பவரின் அலுவலகம் எதிரே, மிச்சிகன் அவென்யூவில் இருந்தது. அவர் அந்த வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நகராட்சி மேல் வழக்குப் போட்டார். குப்பையை அகற்றச் சொன்னார். அப்புறம் நகராட்சி கட்ட நினைத்த ஒவ்வொரு கட்டடத்தையும் எதிர்த்தார். கலைக்கூடம் மட்டும்தான் விதிவிலக்கு. மாநில உச்ச நீதிமன்றம் வரை நான்கு முறை போய் நான்கு முறையும் ஜெயித்தார். அருங்காட்சியகம் வேண்டாம் என்கிறாரே, இவர் ஊர் வளர்ச்சிக்கு எதிரி என்று பத்திரிகைகள் திட்டின. பெரிய கடை முதலாளி மார்ஷல் ஃபீல்டு விட்டுப்போன பணத்தில் கட்டவிருந்த பெரிய அருங்காட்சியகம் அங்கே வர முடியாமல், பூங்காவுக்குத் தெற்கே புதிதாக மண் கொட்டிய இடத்துக்குப் போனது. தான் போராடியது கோடீஸ்வரர்களுக்காக அல்ல, ஏழைகளுக்காக என்று 1909-ல் ஒரு பேட்டியில் சொன்னார். எதிரே அவருக்கும் சொத்து இருந்தது, காட்சி மறையக் கூடாது என்ற சுயநலமும் இருந்திருக்கும். இருக்கட்டும். சிகாகோவின் ஏரிக்கரை ஏறக்குறைய முழுக்கப் பொதுச் சொத்தாக இருப்பதற்கு அவர் பிடிவாதம் பெரிய காரணம்.

இன்னொரு காரணம் 1892 தீர்ப்பு. இல்லினாய் சட்டமன்றம் 1869-ல் ஊருக்கு முன்னால் இருந்த ஏரிப்படுகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஒரு ரயில் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தது. நான்கு வருஷம் கழித்து அதை ரத்து செய்தது. கம்பெனி விடவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்தத் தண்ணீரும் அதன் அடியில் இருக்கும் நிலமும் மக்களுக்காக அரசு பொறுப்பில் வைத்திருப்பவை, இஷ்டத்துக்குக் கொடுத்துவிட அரசுக்கே உரிமை கிடையாது என்றது. 1996-ல் பியாஸ் ஆற்றங்கரை விடுதி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இந்த சிகாகோ வழக்கை எடுத்துப் பேசித்தான் அதே கொள்கையை இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நம்மூர் ஏரி, குளம், ஆக்கிரமிப்பு வழக்குகளில் இன்று வக்கீல்கள் அந்தக் கொள்கையைச் சொல்லி வாதாடுகிறார்கள். ஒரு ஊரின் சண்டை இன்னொரு தேசத்துக் குளத்தைக் காப்பாற்ற உதவும் என்பதைப் படித்த அன்று எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

ஆற்றைத் திருப்பியாயிற்று, ஏரி சுத்தமாயிற்று, டைபாய்டு ஒழிந்தது என்றுதான் படகுக் கதை முடியும். ஆனால் ஆறு திரும்பி இரண்டு வருஷத்தில், 1902-ல், 19-ஆம் வார்டில் டைபாய்டு வெடித்தது. இத்தாலியர்களும் யூதர்களும் கிரேக்கர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைப் பகுதி. ஊர் ஜனத்தொகையில் முப்பத்தாறில் ஒரு பங்கு ஜனம்தான் அங்கே. டைபாய்டுச் சாவில் ஆறில் ஒரு பங்கு அங்கே விழுந்தது. அந்த வார்டில்தான் ஜேன் ஆடம்ஸ் 1889-ல் தொடங்கிய ஹல் ஹவுஸ் இருந்தது. படித்த பெண்கள் ஏழைகளோடு அதே தெருவில் குடியிருந்து வேலை செய்த இடம். ஜேன் ஆடம்ஸ் வார்டின் குப்பை மேற்பார்வையாளர் பதவியையே கேட்டு வாங்கி, காலை ஆறு மணிக்குக் குப்பை வண்டிகளின் பின்னால் போனவர்.

ஹல் ஹவுஸ் பெண்கள் வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். கழிப்பிடம் எங்கே இருக்கிறது, குழாய் எதோடு சேர்கிறது என்று சுமார் 2,000 வீடுகளில் குறித்தார்கள். பாதிக்கும் குறைவான வீடுகளில்தான் வடிகால் ஒழுங்காக இருந்தது. மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் ஈக்களைப் பிடித்துச் சோதித்தார். அவர்கள் போட்ட அறிக்கையால் ஊரே கொதித்தது. விசாரணை வந்தது, லஞ்சம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்ட சுகாதார அதிகாரிகள் மாட்டினார்கள். இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. உண்மைக் காரணம் ஈ மட்டும் அல்ல என்று ஹாமில்டனுக்குப் பின்னால் தெரிந்தது. தண்ணீர் நிலையத்தில் உடைப்பு ஏற்பட்டு, சாக்கடை நேராகக் குடிநீர்க் குழாய்களுக்குள் போயிருக்கிறது. சுகாதாரத் துறைக்கு அது தெரியும், வெளியே சொல்லவில்லை. ஈக் கதைக்குக் கிடைத்த புகழ் தனக்கு உறுத்தலாகவே இருந்தது என்று ஹாமில்டன் தன் சுயசரிதையில் எழுதி வைத்துவிட்டுப் போனார். நூறு வருஷம் கழித்துப் படித்தாலும் அந்த நேர்மைக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஏரிக்கரை எல்லோருக்கும் என்று நீதிமன்றம் சொன்னது. தண்ணீருக்குள் கோடு போட்டவர்கள் ஊர்க்காரர்கள். தென் மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி ரயிலேறி வந்தவர்களால் ஊரில் கறுப்பின மக்களின் எண்ணிக்கை கூடியது. 1910-ல் 44,000 ஆக இருந்தது, பத்து வருஷத்தில் 1,09,000 ஆனது. 1919 ஜூலை 27, நல்ல வெயில். யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையன் நண்பர்களோடு கட்டுமரம் மாதிரி ஒரு மிதவையில் ஏரியில் விளையாடிக்கொண்டிருந்தான். 29-ஆம் தெருக் கடற்கரைப் பக்கம், வெள்ளையர்கள் தங்களுடையது என்று வைத்திருந்த தண்ணீருக்குள் மிதவை ஒதுங்கிவிட்டது. கரையிலிருந்து ஒருவன் கல்லெறிந்தான். பையன் மூழ்கிச் செத்தான். கல்லெறிந்தவனைக் கைது செய்ய அங்கிருந்த போலீஸ்காரர் மறுத்தார். அன்று பற்றிய கலவரம் ஒரு வாரம் நீடித்தது. 23 கறுப்பினத்தவரும் 15 வெள்ளையரும் இறந்தார்கள், ஆயிரம் கறுப்பினக் குடும்பங்களுக்கு வீடில்லாமல் போனது.

எந்தச் சட்டத்திலும் அந்தக் கோடு இல்லை. ஆனாலும் நாற்பது வருஷம் கழித்து, 1960-லும் ரெயின்போ கடற்கரையில் அது அப்படியே இருந்தது. கறுப்பின இளைஞர்களும் அவர்களோடு சில வெள்ளை இளைஞர்களும் அங்கே போய் அமர்ந்தபோது கல் வந்தது. அடுத்த கோடையில் திரும்பவும் போனார்கள். இந்த முறை போலீஸ் பாதுகாப்பு கொடுக்க வேண்டியதாயிற்று. ஏரியில் கால் நனைக்கப் போவதற்கு இத்தனை துணிச்சல் தேவைப்பட்டிருக்கிறது. கோடை ஞாயிறுகளில் இன்று அந்தக் கடற்கரையில் குடும்பங்கள் அடுப்பு மூட்டிக் கறி சுட்டுச் சாப்பிடுகின்றன.

கழிவு போன வழியையும் கொஞ்சம் பார்க்கலாம். 1865-ல் திறந்து 1971-ல் மூடிய கால்நடைச் சந்தையும் அதைச் சுற்றியிருந்த இறைச்சித் தொழிற்சாலைகளும் ரத்தத்தையும் குடலையும் ஆற்றின் தென்கிளையிலிருந்து பிரியும் ஒரு ஓடையில் கொட்டின. அடியில் அழுகுவதிலிருந்து குமிழ் குமிழாக வாயு வரும். அதனால் அதற்குக் குமிழி ஓடை என்றே பேராகிவிட்டது. சந்தை மூடி அரை நூற்றாண்டு ஆன பிறகும் வெயில் காலத்தில் போய்ப் பார்த்தால் குமிழ் வருகிறது. செஸ்ப்ரோ போட்ட முறையில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகும். ஊர் முழுக்க இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். பெருமழை என்றால் குழாய் தாங்காது. எங்கள் தெருவில் அடித்தளத் தரையில் இருக்கும் வடிகால் வழியாகத் தண்ணீர் மேலே வரும். பழைய துணிமணியைக் கூட யாரும் கீழே தரையில் வைப்பதில்லை. இதற்காக 1975-ல் ஆழச் சுரங்கத் திட்டம் ஆரம்பமானது. 109 மைல் சுரங்கம் 2006-ல் முடிந்தது, அதோடு சேரும் பெரிய நீர்த்தேக்கங்களின் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. 2023 ஜூலையில் மேற்குப் பகுதியில், குறிப்பாக ஆஸ்டின் பக்கம், ஆயிரக்கணக்கான வீடுகளின் அடித்தளங்கள் சாக்கடைத் தண்ணீரில் நின்றன.

சின்னச் செலவைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1992 ஏப்ரல் 13-ஐ இங்கே எல்லோரும் சொல்வார்கள். நகர மையத்தின் அடியில், சுமார் நாற்பதடி ஆழத்தில், ஒரு காலத்தில் நிலக்கரியும் சரக்கும் கொண்டுபோன குட்டி ரயில்களின் சுரங்கங்கள் கிடக்கின்றன. கின்சி தெருப் பாலத்தருகே ஆற்றில் தூண் அடித்தபோது அதில் ஒன்றின் சுவர் விரிசல் விட்டது. ஜனவரியிலேயே கேபிள் வேலைக்காரர்கள் கசிவைப் பார்த்து வீடியோ எடுத்தார்கள். அடைக்கச் சுமார் 10,000 டாலர் ஆகும் என்று மதிப்பீடு வந்தது. அதிகம் என்று காத்திருந்தார்கள். ஏப்ரலில் ஆறு உள்ளே இறங்கியது. 25 கோடி காலன் தண்ணீர். நகராட்சிக் கட்டடம் உட்பட மையப் பகுதியின் அடித்தளங்கள் நிரம்பின, மின்சாரம் நின்றது, அலுவலகங்கள் காலியாயின. ஓட்டையில் லாரி லாரியாகப் பாறையும், பழைய மெத்தைகளும் கூடப் போட்டுப் பார்த்தார்கள். நஷ்டம் நூறு கோடி டாலரைத் தாண்டியது. மையப் பகுதி என்பதால் அன்றைக்கே மேயரும் அதிகாரிகளும் ஓடி வந்தார்கள்.

ஆல்ட்கெல்டு கார்டன்ஸ் மக்களுக்கு அப்படி யாரும் ஓடி வரவில்லை. ஊரின் தென்கோடியில், 130-ஆம் தெருவில், இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில் கறுப்பினத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய அரசுக் குடியிருப்பு அது. ஏறக்குறைய 1,500 வீடுகள். முன்பு புல்மன் ரயில்பெட்டித் தொழிற்சாலை ஊரின் சாக்கடையைப் பாய்ச்சி விவசாயம் செய்த நிலம். சுற்றிலும் குப்பைமேடுகள், எஃகு ஆலைகள், கழிவுநீர் நிலையம். ஹேசல் ஜான்சன் 1962-ல் அங்கே குடிவந்தார். ஏழு வருஷத்தில் கணவர் நுரையீரல் புற்றுநோயில் போனார். இந்தப் பக்கம் புற்றுநோய் அதிகம் என்று தொலைக்காட்சியில் கேட்டவர், அக்கம்பக்கத்து வீடுகளில் யாருக்கு என்ன நோய் என்று தானே கேட்டு எழுத ஆரம்பித்தார். 1979-ல் ஒரு சங்கம் தொடங்கினார். பக்கத்தில் மேரிலேண்ட் மேனர் என்ற தெருக்களில் வரி கட்டும் நகரவாசிகள் எண்பதுகளிலும் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். உலகின் மிகப் பெரிய தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்றை வைத்திருக்கும் ஊரில்! கிணற்றில் நச்சு இருப்பதைச் சோதனை செய்ய வைத்து, கூட்டம் கூட்டமாகப் போய்க் கேட்டு, கடைசியில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் போட வைத்தார். பராக் ஒபாமா இளம் வயதில் சமூகப் பணியாளராக வேலை செய்தது இதே குடியிருப்பில்தான். 1994-ல் ஏழைப் பகுதிகளின் சுற்றுச்சூழல் குறித்த ஆணையில் ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்துப் போட்டபோது ஹேசல் ஜான்சன் அங்கே நின்றார். 2011-ல் இறந்தார். இந்த ஊரின் பெரியவர்கள் வரிசையில் செஸ்ப்ரோவுக்குப் பக்கத்தில் இவரை வைக்க வேண்டும் என்பேன்.

சிகாகோவில் 50 வார்டு. ஒவ்வொன்றுக்கும் ஆல்டர்மன் என்று அழைக்கப்படும் ஒரு கவுன்சிலர். தெரு விளக்கு முதல் நடைபாதை வரை அவர் கையில். 1983-ல் முதல் கறுப்பின மேயராக ஹெரால்டு வாஷிங்டன் ஜெயித்தபோது, 29 கவுன்சிலர்கள் ஒன்று சேர்ந்து மூன்று வருஷம் எதையும் நகரவிடவில்லை. எல்லா வார்டுக்கும் நியாயமாக வேலை நடக்கட்டும் என்பதுதான் அவர் கேட்டது. வார்டு எல்லைகளை நீதிமன்றம் திருத்தச் சொல்லி, 1986-ல் சில வார்டுகளில் மறுதேர்தல் நடந்த பிறகுதான் அவரால் மூச்சுவிட முடிந்தது. அடுத்த வருஷமே மாரடைப்பில் இறந்துபோனார்.

எங்கள் 49-ஆம் வார்டில் அப்புறம் ஒரு நல்ல விஷயம் நடந்தது. கவுன்சிலருக்கு வருஷா வருஷம் சின்ன வேலைகளுக்கென அப்போது ஒதுக்கிவந்த சுமார் பதிமூன்று லட்சம் டாலரை எதற்குச் செலவழிப்பது என்று வார்டு மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்றார்கள். அமெரிக்காவில் இதுதான் முதல் முறை. 2010-ல் நடந்த முதல் ஓட்டெடுப்பில் 1,600 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அப்போது பதினாறு வயது ஆகியிருந்தால் போதும், வார்டில் குடியிருந்தால் போதும், குடியுரிமை வேண்டியதில்லை. விசா கையில் வைத்திருந்த காலத்தில் நானும் அந்த வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருக்கிறேன். நடைபாதைப் பழுது, தெரு விளக்கு, மரம் நடுவது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் மெக்சிகோக்காரர், நைஜீரியாக்காரர், ஐம்பது வருஷமாக இங்கேயே இருக்கும் பாட்டி எல்லோரும் ஒரு பள்ளிக்கூட அறையில் உட்கார்ந்து, எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்று விவாதித்ததைப் பார்த்தபோது, இது என் ஊர் என்ற எண்ணம் எனக்கு முதலில் வந்தது அங்கேதான்.

இப்போது பெரிய கணக்கு ஈயக் குழாய். அயர்லாந்துக்காரர்களின் செயின்ட் பாட்ரிக் திருநாளுக்கு ஆற்றில் பச்சைச் சாயம் கரைப்பது 1962 முதல் நடக்கிறது. கழிவு எந்தக் கட்டடத்திலிருந்து ஆற்றுக்குள் வருகிறது என்று கண்டுபிடிக்கக் குழாய்த் தொழிலாளர்கள் ஊற்றும் சாயத்திலிருந்து பிறந்த யோசனை அது. ஆற்றை அப்படிக் காவல் காத்த அதே வருஷங்களில், தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பு ஈயத்தில்தான் இருக்க வேண்டும் என்று நகரக் கட்டட விதி கட்டாயமாக்கியிருந்தது. மற்ற ஊர்கள் எப்போதோ கைவிட்ட பிறகும், 1986-ல் மத்தியச் சட்டம் தடுக்கும் வரை, சிகாகோ ஈயத்தையே போட்டது. அதனால் அமெரிக்காவிலேயே அதிக ஈய இணைப்புகள் இங்கேதான். நான்கு லட்சத்துக்கு மேல். ஏரியிலிருந்து வரும் தண்ணீர் நன்றாகச் சுத்தமாகித்தான் கிளம்புகிறது, கடைசி நாற்பது ஐம்பதடியில் ஈயம் கலக்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது.

2024-ல் மத்திய அரசு பெரும்பாலான ஊர்களுக்குப் பத்து வருஷக் கெடு வைத்தது. இவ்வளவு குழாய் இருப்பதால் சிகாகோவுக்கு ஏறக்குறைய இருபது வருஷம். நகராட்சியின் திட்டமோ 2076 வரை போகிறது. ஒரு வீட்டுக் குழாயை மாற்ற 30,000 டாலருக்கு மேல் ஆகிறது. பணம் வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்குப் பிறக்கும் குழந்தைக்கு 2076-ல் ஏறக்குறைய ஐம்பது வயது ஆகியிருக்கும்.

எங்கள் கட்டடத்துக்கும் கடிதம் வந்தது, இணைப்பு ஈயம் என்று. நகராட்சி சோதனைக் குப்பிகளை இலவசமாகக் கொடுக்கிறது. காலையில் முதல் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தோம். வந்த எண் சின்னதுதான், ஆனால் பூஜ்ஜியம் அல்ல. வடிகட்டி வாங்கி மாட்டிவிட்டோம். மாடியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இப்போது எட்டு மாதக் கைக்குழந்தை. அந்தத் தங்கையிடம், பால் கலக்க வடிகட்டிய தண்ணீர்தான், குழாயை ஐந்து நிமிஷம் திறந்துவிட்ட பிறகுதான் என்று சொல்லிக்கொடுத்தேன். எங்களால் வடிகட்டி வாங்க முடிகிறது. தெற்கிலும் மேற்கிலும் வாடகைக்கு இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தைக் காட்டக்கூட மாட்டார்.

அடுத்த வார்டுக் கூட்டத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து கேட்கப்போவது இதுதான்: எந்தத் தெரு எந்த வருஷம் என்று வரிசையை வெளியிடுங்கள், கைக்குழந்தைகளும் குழந்தைக் காப்பகங்களும் அதிகம் இருக்கும் தெற்கு, மேற்குப் பகுதிகளை அதில் முதலில் போடுங்கள், எங்கள் தெரு பின்னால் வந்தாலும் சரி. மனுவைத் தமிழ், ஸ்பானிஷ், உருது மூன்றிலும் எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துக்கு டெவன் அவென்யூ மளிகைக் கடைகளில் வைக்கலாம் என்று இரண்டு கடைக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.